தேய்வும் முலாமும்: வன்குரோமிய மின்முலாமிடலின் வரலாறு – ஒரு நோக்கு

எறும்பு ஊரக் கல்லுந் தேயும் என்பது நம் முன்னோர் வாக்கு. விடாமுயற்சியின் மேன்மையை உணர்த்தவே இப்பழமொழி பெரிதும் எடுத்தாளப்படுகின்றது. எறும்பின் பக்கம் நின்று நோக்கின் அது முயற்சி. கல்லின் பக்கம் நின்று நோக்கின் அது தேய்வு. மனித நாகரிகத்தின் வரலாற்றைக் கருவிகளின் வரலாறாக எழுதுவோர் பெரும்பாலும் எறும்பின் பக்கமே நின்றுள்ளனர். எந்தக் கருவி எப்போது தோன்றிற்று, அதனைக் கண்டறிந்தவர் யாவர், அதனால் உற்பத்தி எவ்வளவு பெருகிற்று என்பனவற்றை அவர்கள் விரிவாக ஆராய்ந்துள்ளனர். அக்கருவி தேய்ந்த கதையும், அத்தேய்வைத் தடுக்க மனிதர் மேற்கொண்ட முயற்சிகளின் கதையும் அத்துணை கவனத்தைப் பெற்றில. மின்னோட்டத்தின் துணைகொண்டு உலோகப் பரப்பின்மீது கடினமான குரோமியப் படையினைப் படியவைக்கும் தொழில் அம்முயற்சிகளுள் ஒன்று. வன்குரோமிய மின்முலாமிடல் எனப்படும் இத்தொழில் எவ்வாறு தோன்றி வளர்ந்தது, அதன் பயனைப் பெற்றோர் யாவர், அதன் விலையைக் கொடுத்தோர் யாவர் என்பனவற்றை நோக்குவதே இக்கட்டுரையின் கருத்தாகும். இது இரசாயனவியலாளர் ஒருவரின் ஆய்வன்று. கலைப்பீட மாணவர் ஒருவரின் வரலாற்று நோக்கு என்பதை வாசகர் மனங்கொள்வாராக.

தேய்வு என்றால் என்ன என்பதை அறிய ஆய்வுகூடம் வரை செல்ல வேண்டியதில்லை. தவலந்தென்னைக்கும் தலவாக்கலைக்கும் இடையே மலைச்சரிவில் அமைந்துள்ள பூண்டுலோயாவின் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றினுட் புகுந்தாலே போதும். தோட்ட மக்கள் அதனைக் கோப்பிக் காலத்துச் சொல்லால் இன்றும் ‘ஸ்டோர்’ என்றே வழங்குவர். 1872இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் முழுமையானதொரு தேயிலைத் தொழிற்சாலையை அமைத்தார். அதே காலப்பகுதியில் அசாமில் வில்லியம் ஜாக்சன் கொழுந்தை உருட்டும் பொறியினை உருவாக்கினார். பின்னர் அவரது பொறிகளை இங்கிலாந்தின் கெயின்ஸ்பரோவில் இருந்த மார்ஷல் கம்பனி பெருந்தொகையாகச் செய்து உலகெங்கும் அனுப்பிற்று. மனிதர் உள்ளங்கைகளாற் கசக்கிய கொழுந்தை உலோகம் கசக்கத் தொடங்கியது அவ்வாறுதான். கை தேய்ந்த இடத்தில் இனி உலோகம் தேயலாயிற்று.

பொறி வந்ததும் தெய்வமும் வந்தது. மலையகத்துச் சிறுதெய்வங்களுள் ரோதமுனி என்பதொன்று உண்டு. ‘ரோதை’ என்பது சக்கரத்தைக் குறிக்கும் சொல். போர்த்துக்கேயத்திலிருந்து சிங்களத்தினூடாக மலையகத் தமிழுக்கு வந்து சேர்ந்தது. சுழலும் சக்கரத்தையும் ஓடும் வாரையும் அவற்றருகே நின்று உழைப்போரையும் காக்குமாறு தொழிலாளர் அம்முனியை வேண்டினர். பொறியின் நலமும் அதனருகே நிற்பவரின் நலமும் ஒன்றேயெனக் கொண்ட அம்மக்களின் உள்ளத்தை நாம் ஈண்டுக் குறித்துக் கொள்ளுதல் வேண்டும். கட்டுரையின் முடிவில் இக்கருத்து மீண்டும் நமக்குப் பயன்படும்.

தொழிற்சாலையில் தேய்வை எதிர்கொள்ளும் வழிகள் பல. இரும்பு பட்டால் தேயிலைச் சாறு கறுக்கும். ஆதலாற் கொழுந்தைத் தொடும் பகுதிகள் பித்தளையாலும், பிற்காலத்தில் துருப்பிடியா உருக்காலும் அமைந்தன. அவை தேய்ந்ததும் கழற்றி மாற்றப்பட்டன. 1930இல் வில்லியம் மக்கேச்சர் அசாமில் அறிமுகப்படுத்திய நொறுக்கிக் கிழித்துச் சுருட்டும் முறையில் பல்வெட்டிய உருளைகள் பயன்படுகின்றன. அவற்றின் பற்கள் மழுங்குந்தோறும் அவற்றை மீண்டும் வெட்டிக் கூராக்க வேண்டும். நம் பாட்டிமார் அம்மியைக் கொத்துவித்தது போன்றதே இது. ஒவ்வொரு கொத்துக்கும் அம்மி சிறிது மெலியும். ஒவ்வொரு கூராக்கலுக்கும் உருளை சிறிது சிறுக்கும். ஆக, தேய்ந்ததை மாற்றுதல் ஒரு வழி. தேய்ந்ததை மேலும் செதுக்கிக் கூராக்கல் மற்றொரு வழி. தேய்ந்த இடத்தை நிரப்பி முன்னிலும் கடினமாக்கும் மூன்றாவது வழியொன்றும் உண்டு. அதுவே நமது பொருள்.

அவ்வழியின் சான்றினையும் பூண்டுலோயாவிலேயே காணலாம். மழைக்காலத்தில் வீதியில் மண் சரிந்தால் அதனை அகற்ற ‘பெக்கோ’ இயந்திரம் வருகின்றது. அதன் இரும்புக் கரத்தை உயர்த்தித் தாழ்த்தும் தண்டு, சேற்றின் நடுவிலும் கண்ணாடிபோற் பளபளப்பதை யாவரும் கண்டிருப்பர். அப்பளபளப்பு அழகுக்காக இடப்பட்டதன்று. உருக்கின்மீது படியவைத்த வன்குரோமியப் படையே அது. கொழுந்து ஏற்றிச் செல்லும் லொறியின் அதிர்ச்சி தாங்கித் தண்டிலும், பல டீசல் எந்திரங்களின் பிஸ்டன் வளையங்களிலும் அதே உலோகம் உறைகின்றது. இனி அதன் வரலாற்றுக்கு வருவோம்.

உலோகத்தின்மீது வேறோர் உலோகத்தைப் பூசும் கலை தமிழருக்குப் புதியதன்று. கோயில் விமானத்திற்குப் பொன் வேய்ந்தோம். செப்புப் பாத்திரத்திற்கு ஈயம் பூசினோம். முன்னது பொலிவின் பொருட்டு. பின்னது களிம்பு ஏறாதிருக்கும் பொருட்டு. கடினம் வேண்டியபோது கொல்லன் வேறு வழியை நாடினான். கவ்வாத்துக் கத்தியானாலும் உழவன் கொழுவானாலும் இரும்பைப் பழுக்கக் காய்ச்சி நீரிற் றோய்த்தே அதற்கு உரமூட்டினான். பூச்சு அழகுக்கு, நெருப்பு உரத்துக்கு என்ற இப்பிரிவு நெடுங்காலம் நிலவிற்று. மின்சாரம் வந்த பின்னரே பூச்சும் உரமும் ஒன்றாயின.

1800ஆம் ஆண்டில் இத்தாலியரான வோல்ற்றா மின்கல அடுக்கினை உலகிற்கு அறிவித்தார். ஐந்தாண்டுகளுக்குள், 1805இல், அவரது நண்பரான புரூக்னற்றெல்லி அதன் உதவியால் வெள்ளிப் பதக்கங்களுக்குப் பொன்முலாம் பூசினார். 1834இல் மைக்கல் பரடே மின்பகுப்பின் விதிகளை வகுத்தார். செலுத்தும் மின்னின் அளவுக்கு ஏற்பவே உலோகம் படியும் என்பது நிறுவப்பட்டதும் கைப்பழக்கமாக இருந்த கலை கணக்கிற்குட்பட்ட தொழிலாக மாறிற்று. 1840இல் பேமிங்காம் நகரின் எல்கிங்டன் குடும்பத்தினர் வெள்ளி முலாமிடலுக்கு உரிமம் பெற்றனர். வெள்ளிப் பாத்திரம் வாங்க இயலாத நடுத்தர வகுப்பாரின் மேசைகளை அவர்களது முலாமிட்ட கரண்டிகள் அலங்கரித்தன. இக்காலம் வரை மின்முலாம் பகட்டின் பணியாளாகவே இருந்ததெனலாம்.

திருப்புமுனை அச்சுத்தொழிலில் நேர்ந்தது. செப்புத் தகட்டிற் செதுக்கிய சித்திரங்களை அச்சிடுங்கால், மென்மையான செப்பு விரைவில் தேய்ந்து கோடுகள் மங்கின. 1857ஆம் ஆண்டளவில் பிரான்சில் இதற்கொரு மாற்று காணப்பட்டது. செதுக்கிய செப்புத் தகட்டின்மீது மிக மெல்லிய இரும்புப் படையினை மின்னாற் படியவைத்தனர். அப்படை தேய்ந்து செப்பின் செம்மை தெரியத் தொடங்கியதும் எஞ்சிய இரும்பை நீக்கிப் புதிய படையை இட்டனர். தேய வேண்டியது முலாம், காக்கப்பட வேண்டியது தகடு என்ற எண்ணம் இங்கேதான் தெளிவாக உருப்பெற்றது. வன்முலாமின் வரலாறு இப்புள்ளியிற் றொடங்குகின்றது எனக் கொள்ளுதல் பொருந்தும்.

எனினும் இரும்பினும் நிக்கலினும் வலிய உலோகம் ஒன்று காத்திருந்தது. சைபீரியாவிலிருந்து வந்த செந்நிறக் கனிப்பொருளை ஆராய்ந்த பிரெஞ்சு இரசாயனர் வோக்லன் 1797–98இல் அதிற் புதிய உலோகம் ஒன்றைக் கண்டறிந்தார். அதன் சேர்வைகள் பச்சை, மஞ்சள், சிவப்பு எனப் பல வண்ணங் காட்டியமையால், நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று குரோமியம் எனப் பெயர் பெற்றது. 1854இல் ஜேர்மானியரான புன்சன் அதனை மின்பகுப்பினாற் பிரித்தெடுத்தார். ஆயினும் உறுதியாகப் படிந்து நிற்கும் குரோமியப் படையை வேண்டியபோதெல்லாம் பெறும் வழி மேலும் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கைகூடவில்லை. 1920இல் அமெரிக்கரான சார்ஜன்ற் குரோமிக் அமிலக் கரைசல் பற்றிய தமது ஆய்வை வெளியிட்டார். அதன்பின் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கொலின் பிங்க் தம் மாணாக்கரோடு அதனைத் தொழின்முறைக்கு ஏற்றவாறு செம்மைப்படுத்தி 1926இல் உரிமம் பெற்றார்.

அம்முறையின் மறைபொருள் வியக்கத்தக்க அளவிற்கு எளியது. குரோமிக் அமிலத்துடன் சிறிதளவு சல்பூரிக்கமிலம் சேர்தல் வேண்டும். நூறு பங்குக்கு ஒரு பங்கு என்பதே விகிதம். ஓர் இலீற்றர் கரைசலில் 250 கிராம் குரோமிக் அமிலமும் 2.5 கிராம் சல்பூரிக்கமிலமும் இருப்பது வழக்கமான அளவு. சல்பேற்று முற்றாக இல்லாவிடின் நல்ல படை கிடையாது, மிகினும் கிடையாது. குழம்புக்கு உப்புப் போன்றதே அதுவும்.

தொழிற்கூடத்தில் நிகழ்வது யாதெனச் சுருங்கக் கூறுவோம். தேய்ந்த தண்டினை முதலில் அரைத்துச் சீராக்கி, எண்ணெய்ப் பிசுக்கு அகலக் கழுவுவர். பின்னர் 50 முதல் 55 பாகை செல்சியசு வரை சூடேற்றிய செந்நிறக் கரைசலில் அதனைத் தொங்கவிட்டுக் கதோட்டாக இணைப்பர். செப்பு முலாமிடலில் அனோட்டிலுள்ள செப்பே கரைந்து வந்து படியும். இங்கோ அனோட்டு ஈயம், அது கரைவதில்லை. படியும் குரோமியம் முழுவதும் கரைசலிலிருந்தே வருகின்றது. படிதலும் மெதுவாகவே நிகழும். மணித்தியாலம் ஒன்றுக்கு 25 மைக்குரோமீற்றர் அளவு ஏறினால் அது நல்ல வேகம். மோட்டார் வண்டியின் அலங்காரப் பாகத்திற் குரோமியப் படையின் தடிப்பு அரை மைக்குரோமீற்றரைப் பெரும்பாலும் எட்டாது. வன்முலாமிலோ அது இருபது முதற் பல நூறு மைக்குரோமீற்றர் வரை வளரும். இறுதியில் அரைத்துக் குறித்த அளவுக்குக் கொண்டுவருவர். விக்கர்சு அளவில் 800 முதல் 1000 வரை எட்டும் அதன் கடினம் சாதாரண உருக்கினுடையதைப் பன்மடங்கு விஞ்சுவது. கண்ணுக்குப் புலப்படாத நுண்வெடிப்புகள் அப்படையில் நிறைந்திருக்கும். குறைபோலத் தோன்றும் அவ்வெடிப்புகளே எண்ணெயைத் தாங்கி உராய்வைத் தணிக்க உதவுகின்றன.

1920களிலேயே வாசிங்டனில் நாணயத்தாள் அச்சிடும் தகடுகள் குரோமியப் படை பெற்றன. செப்புத் தகட்டைக் காக்கத் தோன்றிய எண்ணம் மீண்டும் அச்சுத்தொழிலுக்கே வந்து சேர்ந்தது எனலாம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஒல்லாந்தரான வன் டெர் ஹோர்ஸ்ட் வகுத்த நுண்டுளைக் குரோமிய முறை எந்திர உருளைகளின் ஆயுளை நீட்டப் பயன்பட்டது. உதிரிப்பாகம் அரிதான காலத்திற் றேய்ந்ததை நிரப்பிப் பயன்படுத்தும் கலையின் அருமை புலப்படும். இலங்கையில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகிய 1970–77 காலப்பகுதியையும், வெளிநாட்டுச் செலாவணி வற்றிய 2022ஐயும் அறிந்த நம்மவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. வறிய நாடொன்றுக்கு வன்முலாம் பகட்டன்று. அது சிக்கனத்தின் துணை.

இக்கலை தமிழ் நிலத்திற் கால்கொண்ட வரலாறு தனிச் சிறப்புடையது. இந்தியா விடுதலை பெற்ற பின் தேசிய ஆய்வுகூடங்கள் நிறுவப்பட்டபோது, ஆறும் ஆலையும் இல்லாத வறண்ட காரைக்குடிக்கு மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் வந்து சேர்ந்தது. அதற்குக் காரணர் வள்ளல் அழகப்பச் செட்டியார். அவர் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாவும் ஈந்தார். 1948 யூலை 25இல் ஜவகர்லால் நேரு அடிக்கல் நாட்ட, 1953 சனவரி 14இல், தைப்பொங்கற் காலத்தில், டாக்டர் இராதாகிருஷ்ணன் அதனைத் திறந்து வைத்தார். மின்முலாமிடலும் உலோகப் பரப்புகளைப் பண்படுத்தலும் அந்நிறுவனத்தின் முதன்மையான ஆய்வுத்துறைகளுட் சேர்ந்தன. அதே காலப்பகுதியிற் சென்னைச் செம்பியத்தில் 1949இல் நிறுவப்பட்ட இந்தியா பிஸ்டன்ஸ் கம்பனி எந்திரங்களின் உட்பாகங்களை உள்நாட்டிலேயே செய்யத் தலைப்பட்டது. தேய்வு பற்றிய அறிவு அதுகாறும் கப்பலேறி வந்தது. இப்போது தமிழ்நாட்டிலேயே விளையலாயிற்று.

காரைக்குடியும் பூண்டுலோயாவும் ஒன்றையொன்று அறியாத ஊர்களல்ல. நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் வட்டித்தொழில் கொழும்புச் செட்டியார்தெருவில் வேரூன்றித் தோட்டப் பொருளாதாரத்தின் இடுக்குகளெல்லாம் பாய்ந்தது. இராமநாதபுரம், புதுக்கோட்டை, மதுரை, திருச்சிராப்பள்ளிச் சீமைகளின் வறண்ட நிலத்திலிருந்து உழவர் மண்டபம் முகாமைக் கடந்து மலையேறினர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்பின் அவர்களது பேரப்பிள்ளைகளுட் பலர் அதே வழியே மீண்டனர். செல்வமும் உழைப்பும் ஒரே வறண்ட நிலத்தினின்று புறப்பட்டுக் கடல் கடந்தன. அச்செல்வ மரபினர் ஒருவரின் ஈகையாற் காரைக்குடிக்கு ஓர் ஆய்வுகூடம் கிடைத்தது. உழைப்பின் பிள்ளைகளுக்கு அவ்வாறொன்று நெடுங்காலம் கிடைத்திலது. இதனைக் குறையெனக் கூறுவதினும் வரலாறெனக் கூறுதலே முறை.

இனி இத்தொழிலின் மறுபக்கத்தை நோக்குவோம். முலாமிடும் தொட்டியிற் செலுத்தும் மின்னோட்டத்தில் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து முதல் இருபது பங்கே குரோமியத்தைப் படியவைக்கின்றது. எஞ்சியதிற் பெரும்பங்கு நீரைப் பிரித்து ஐதரசன் குமிழிகளாக மேலெழச் செய்கின்றது. அக்குமிழிகள் வெடிக்குங்கால் குரோமிக் அமிலத்தின் நுண்டுளிகள் புகாராகக் காற்றிற் பரவும். அப்புகாரிலுள்ளது ஆறுவலுவுள்ள குரோமியம். அது தோலிற் பட்டால் ஆறாப் புண். மூக்கினுட் சென்றால் நடுச்சுவரிற் றுளை. நெடுங்காலம் நுரையீரலை அடைந்தாற் புற்றுநோய். தண்டின்மேல் வீற்றிருக்கும் உலோகக் குரோமியத்தால் இக்கேடு நேர்வதில்லை. கேடு விளைப்பது அதனைப் படியவைக்கும் கரைசலே. ஆகவே பளபளக்கும் தண்டினைப் பயன்படுத்துவோன் பாதுகாப்பாயிருக்க, அதற்குப் பளபளப்பை ஊட்டியவனே துன்புறுகின்றான்.

இக்கேடு அறியப்படாத ஒன்றாயிருந்ததா? வரலாற்று மாணவர் கேட்க வேண்டிய வினா இதுவே. 1827ஆம் ஆண்டிலேயே கிளாஸ்கோ நகர மருத்துவரான வில்லியம் கியூமின், பைகுரோமேற்று உப்பினைக் கையாண்ட தொழிலாளரின் கைகளில் ஆழ்ந்த புண்கள் தோன்றுவதைப் பதிவு செய்தார். பிங்க் உரிமம் பெற்றது 1926இல். இடைப்பட்ட காலம் 99 ஆண்டுகள். மருத்துவம் எச்சரித்து ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்த பின்னரே முலாமிடும் தொட்டி தொழிலகத்துள் வந்தது. 1990இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் ஆறுவலுக் குரோமியத்தை மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பனவற்றின் முதல் வகுப்பிற் சேர்த்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 செப்டெம்பர் முதல் தனி அனுமதியின்றிக் குரோமிக் அமிலத்தைப் பயன்படுத்தல் தடைப்பட்டது. கலிபோர்ணிய மாநிலம் 2023இல் இயற்றிய விதி, வன்முலாமுக்கான அதன் பயன்பாட்டை 2039இற்குள் முற்றாக நிறுத்த வேண்டுகின்றது. அறிவு முந்தியது, தொழில் பிந்தியது, சட்டம் மிகப் பிந்தியது.

தமிழ்நாட்டில் இதன் வடு இராணிப்பேட்டையில் உள்ளது. 1970களின் நடுப்பகுதியில் அங்குத் தொடங்கிய தமிழ்நாடு குரோமேற்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் தொழிற்சாலை, தோல் பதனிடலுக்கும் பிற தொழில்களுக்கும் வேண்டிய குரோமிய உப்புகளைச் செய்தது. 1990களின் நடுப்பகுதியில் அது மூடப்பட்டபோது ஓர் இலட்சம் தொன்னுக்கு மேற்பட்ட கழிவு அவ்விடத்திலேயே மலையெனக் குவிந்து கிடந்தது. மழைநீர் அதனூடே சென்று நிலத்தடி நீரை மஞ்சளாக்கிற்று. 2006இல் அமெரிக்க அமைப்பொன்று வெளியிட்ட, உலகின் மிக மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலில் இராணிப்பேட்டை இடம்பெற்றது. அத்தொழிற்சாலை முலாமிடும் கூடமன்று என்பது உண்மையே. எனினும் அங்குச் செய்யப்பட்ட டைகுரோமேற்று உப்பிலிருந்தே முலாமிடலுக்கான குரோமிக் அமிலமும் பெறப்படுகின்றது. ஓரிடத்தில் உருக்குக்குக் கவசமாகும் பொருள், வேறோரிடத்திற் கிணற்றுக்கு நஞ்சாகலாம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மாற்றுவழிகள் இல்லாமலில்லை. 1967இல் ஜேர்மனியின் மாலே கம்பனி, நிக்கலுடன் சிலிக்கன் காபைட்டுத் துகள்களைச் சேர்த்துப் படியவைக்கும் முலாமினை அறிமுகப்படுத்திற்று. பின்னர் அது மோட்டார்ச் சைக்கிள் எந்திரங்களிற் பரவிற்று. மூவலுக் குரோமியக் கரைசல்களும், தங்குதன் காபைட்டை அதிவேகமாகத் தெளிக்கும் முறைகளும் வன்முலாமின் இடத்தைச் சிறிது சிறிதாகக் கைப்பற்றி வருகின்றன. ஆயினும் மாற்றுவழியும் சில வேளை ஏமாற்றும். அமிலப் புகாரை அடக்குதற்குத் தொட்டியிற் சேர்க்கப்பட்ட புளோரின் சேர்வையொன்று, அழியாது உடலிற் றங்கும் மாசு எனக் கண்டறியப்பட்டு 2009இல் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. தொழிலாளியைக் காக்க வந்த மருந்து ஆற்றைக் கெடுத்தது.

இவ்வரலாற்றினின்று பெறப்படும் கருத்து ஒன்றே. தேய்வினை உலோகத்தினின்று அகற்றும்போது அது வேறெங்கேனும் சென்று தங்குகின்றது. செப்புத் தகட்டைக் காத்தபோது இரும்புப் படை தேய்ந்தது. அத்தேய்வால் எவருக்கும் கேடில்லை. உருக்குத் தண்டைக் காத்தபோது முலாமிட்டோன் மூக்கும் நுரையீரலும் தேய்ந்தன. எது தேயலாம், எது தேயலாகாது என்பதை இரசாயனம் தீர்மானிப்பதில்லை. அதனைத் தீர்மானிப்போர் மனிதர். அதிலும், தொட்டியருகே நில்லாத மனிதர்.

கணக்கியலில் ‘பெறுமானத் தேய்வு’ என்றொரு சொல் உண்டு. தொழிற்சாலையின் பொறியொன்று ஆண்டுதோறும் எவ்வளவு தேய்ந்தது எனக் கணித்து, அதனை மாற்றும் செலவுக்கு முன்கூட்டியே பங்கு ஒதுக்குவர். நல்ல ஏற்பாடு அது. அப்பொறியருகே நின்றவரின் தேய்வுக்கு அத்தகைய நிரல் ஏதும் அக்கணக்கேட்டில் இல்லை. முலாமிடும் கூடத்திற்கும் தேயிலைத் தொழிற்சாலைக்கும் இதிற் பெரிய வேறுபாடில்லை. பூண்டுலோயாவின் மலைகளிற் கொழுந்து பறித்துக் கறுத்த விரல்களும் இக்கணக்கிற் சேராதவையே.

ரோதமுனிக்குப் படையலிட்ட முதியோர் கணக்கியல் கற்றவரல்லர், மின்பகுப்பும் அறியார். எனினும் சக்கரத்தையும் சக்கரத்தருகே நிற்பவரையும் ஒரே வேண்டுதலில் அவர்கள் வைத்தனர். நாளை மலையகத் தொழில்களின் வரலாற்றை எழுதப் புகும் நாமும் அவ்விரண்டையும் ஒரே ஏட்டில் எழுதுவோமாக.